பேயல்ல, நோய்!
‘சந்திரமுகி’ படமும் நம் பள்ளத்தாக்கின் கங்காக்களும்

(கம்பத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை. முந்திய நாள் இரவு அதே இடத்தில் ‘சந்திரமுகி’ படம் திரையிடப்பட்டது.)



விடியுமுன் எழுந்து, தூக்குவாளியில் சோற்றை அடைத்துக்கொண்டு, ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிக் கம்பமெட்டுக்கும் குமுளிக்கும் மேலே உள்ள ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயத் திரும்பியவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். நூல் ஆலையில் இரவு ஷிப்டு பார்த்துவிட்டுப் பாதித் தூக்கத்தில் எழுந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். இப்படிப்பட்டவர்களைக் கூட்டிவைத்துக் கூலியைப் பற்றியும் போனசைப் பற்றியும் பேசுவதை விட்டுச் சினிமாவைப் பற்றிப் பேசலாமா என்று சில தோழர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போவோம்.

நேற்று இரவு இந்தத் திடலில் ‘சந்திரமுகி’ படம் ஓடியது. வடிவேலு வந்த இடமெல்லாம் நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் கங்காவின் கண்கள் மாறுகிற அந்தக் கட்டம் வந்ததே, அப்போது இந்தத் திடல் எப்படி அடங்கிப்போனது என்பதைக் கவனித்தீர்களா? குழந்தைகள் பயத்தில் வாய்மூடியது இயற்கை. பெரியவர்கள் ஏன் வாய்மூடினோம்? நம்மில் பலருக்கு அந்தக் கண்கள் புதியவை அல்ல. நம் வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ, தெருக்கோடியிலோ அவற்றை நாம் பார்த்திருக்கிறோம். பார்த்தும் வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறோம். அதைப் பேசத்தான் இந்தக் கூட்டம்.

படம் சொன்ன உண்மை

‘சந்திரமுகி’ 2005-ம் வருஷம் ஏப்ரலில் வெளிவந்தது. பி. வாசு டைரக்ஷன், சிவாஜி புரொடக்ஷன்ஸ் தயாரிப்பு. சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. கதை நம்முடையதல்ல, மலையாளத்திலிருந்து வந்தது. 1993-ல் ஃபாசில் டைரக்ட் செய்த ‘மணிச்சித்திரத்தாழ்’ தான் மூலம். கதை எழுதியவர் மது முட்டம். அதில் கங்காவாக நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. 2004-ல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ ஆயிற்று. அதன் பிறகே தமிழுக்கு வந்தது.

கதையை இரண்டு வார்த்தையில் நினைவுபடுத்திக்கொள்வோம். செந்தில்நாதன் என்ற பணக்காரர் வேட்டையபுரம் அரண்மனையை விலைக்கு வாங்கி, மனைவி கங்காவுடன் குடியேறுகிறார். அங்கே பூட்டிக் கிடக்கும் ஓர் அறை. முன்னொரு காலத்தில் வேட்டையன் என்ற அரசன் சந்திரமுகி என்ற நாட்டியக்காரியைத் தூக்கிவந்து, அவள் காதலனை வெட்டி, அவளையும் தீயிட்டுக் கொன்றான் என்பது அந்த அறையைப் பற்றிய கதை. அறை திறக்கப்படுகிறது. வீட்டில் பொருள்கள் உடைகின்றன, சேலை தீப்பற்றுகிறது. எல்லோரும் ‘பேய்’ என்கிறார்கள். செந்திலின் நண்பரான சரவணன் என்ற மனநோய் டாக்டர் வருகிறார். பேயும் இல்லை, பிசாசும் இல்லை, கங்காவுக்கு மனத்தில் வியாதி. தன்னையே அவள் சந்திரமுகி என்று எண்ணிக்கொள்கிறாள் என்று கண்டுபிடிக்கிறார்.

தோழர்களே, நம் நாட்டுச் சினிமாவில் பேய்க்கதைக்குப் பஞ்சமில்லை. வெள்ளைச் சேலை, சலங்கைச் சத்தம், கடைசியில் சாமி வந்து பேயை விரட்டுவது. அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு பெரிய நட்சத்திரத்தை டாக்டராக நிறுத்தி, ‘இது வியாதி’ என்று லட்சக்கணக்கான ஜனங்களிடம் சொன்னது சிறிய காரியமல்ல. நூறு பொதுக்கூட்டம் போட்டாலும் நம்மால் அத்தனை பேரிடம் போய்ச் சேர முடியாது. நல்லதை நல்லதென்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

மலையாள மூலத்தில் இன்னொரு நல்ல அம்சமும் உண்டு. டாக்டர் கங்காவின் சொந்த ஊருக்கே போய் அவள் வளர்ந்த கதையை விசாரிக்கிறார். தாய் தந்தை அவளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுத் தூரதேசத்தில் இருந்தார்கள். சின்ன வயதில் அந்தத் தனிமை அவள் மனத்தை ஒருமுறை உடைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்கிறார். நோயாளியின் வாழ்க்கையை விசாரிக்காமல் மனநோய்க்கு வைத்தியம் இல்லை. இது உண்மையான டாக்டர்களின் வழி.

தோட்டக்காரர் வீட்டுப் பெண்

இன்னும் ஒன்று. இது விமர்சனம் எழுதுகிறவர்களின் கண்ணில் அதிகம் படுவதில்லை. நம் கண்ணில் பட வேண்டும். அரண்மனையில் விபரீதங்கள் நடந்தவுடன் சந்தேகம் முதலில் யார்மேல் விழுகிறது? எஜமானியம்மாள் மேலா? இல்லை. தோட்டக்காரரின் பேத்தி துர்காவின் மேல் விழுகிறது! ஏழை வீட்டுப் பெண், கூலி வாங்குகிற வீட்டுப் பெண், அவள்தான் ஏதோ செய்கிறாள் என்று முடிவு கட்டுகிறார்கள். கடைசியில் அவள் குற்றமற்றவள் என்று தெரிகிறது.

இது சினிமாவில் மட்டும் நடக்கிறதா? மாடு செத்தாலும், பயிர் கருகினாலும், வீட்டில் ஒருவருக்குப் புத்தி தடுமாறினாலும், ‘இன்னாள் கண்ணு வைத்தாள்’, ‘இன்னாள் செய்வினை வைத்தாள்’ என்று கை நீட்டுகிறார்களே, அந்தக் கை எந்தப் பக்கம் நீள்கிறது? விதவையின் பக்கம். தனியாகக் கிடக்கும் கிழவியின் பக்கம். ஊருக்கு வெளியே குடிசை போட்டிருப்பவர்களின் பக்கம். பண்ணையார் வீட்டம்மாள் செய்வினை வைத்தாள் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? வியாதியைப் பேய் என்று சொல்லும்போது வியாதிக்காரர் மட்டும் துன்பப்படுவதில்லை. அவரோடு சேர்த்து இன்னொரு ஏழைமேலும் பழி விழுகிறது. மூடநம்பிக்கைக்கு வர்க்கம் உண்டு தோழர்களே!

படம் மறைத்த உண்மை

இனி, படம் எங்கே நம்மை ஏமாற்றுகிறது என்று பார்ப்போம்.

கங்காவைக் குணப்படுத்தும் கட்டத்தை நினைத்துப் பாருங்கள். துர்காஷ்டமி இரவு. மந்திரவாதி கோலம் போட்டு, புகை மூட்டி, பூஜை நடத்துகிறார். டாக்டர் வேட்டையன் வேஷத்தில் நிற்கிறார். கங்கா தீப்பந்தத்தை எடுக்கிறாள். தளம் திறந்து மூடுகிறது; டாக்டரின் இடத்தில் பொம்மை எரிகிறது. வேட்டையன் செத்தான் என்று அவள் மனம் நம்புகிறது. மயங்கி விழுந்து எழுந்திருக்கும்போது பழைய கங்கா! ஒரே இரவில் எல்லாம் முடிந்தது.

நாடகம் என்ற முறையில் பார்த்தால் இதைவிட நல்ல முடிவு கிடையாது. வைத்தியம் என்ற முறையில் பார்த்தால் இது பெரிய பொய். மனநோய்க்கு மேடையும் தீப்பந்தமும் தேவையில்லை. தினமும் வேளை தவறாமல் விழுங்க வேண்டிய மாத்திரை தேவை. மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய் டாக்டரைப் பார்க்க வேண்டும். தூக்கமும் சோறும் வேண்டும். திட்டாத குடும்பம் வேண்டும். சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு வருஷக்கணக்கு. சர்க்கரை வியாதிக்காரரைப் போலச் சிலர் ஆயுள் முழுவதும் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். இதைப் படமெடுத்தால் 800 நாள் ஓடாது. ஆனால் ஒரே இரவில் குணமாகும் என்று நம்பிப் போகிறவர், ஒரு வாரம் மாத்திரை கொடுத்துவிட்டு, ‘டாக்டரிடம் போயும் பலனில்லை’ என்று மறுபடியும் கோடாங்கியிடமே திரும்பி வருகிறார்.

படத்தில் வரும் வியாதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே உடம்பில் இரண்டு ஆள் வாழ்வதைப் போன்ற அந்த வகை மிகவும் அபூர்வம். அதே 2005-ல் வந்த ‘அந்நியன்’ படத்திலும் அதே வகையையே காட்டினார்கள். சினிமாவுக்கு அது பிடித்திருக்கிறது. நம் தெருக்களில் காண்பது வேறு. ஒருவர் மாதக்கணக்கில் யாரோடும் பேசாமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார், ‘சோம்பேறி’ என்கிறோம். ஒருவருக்கு யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்கிறது, சோற்றில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று பயப்படுகிறார். ‘முனி அடித்தது’ என்கிறோம். ஒருவர் குடியை நிறுத்திய மூன்றாம் நாள் கை நடுங்கி, இல்லாத பூச்சியைத் தட்டுகிறார். ‘காத்துக் கருப்பு’ என்கிறோம். மூன்றும் வியாதி. மூன்றுக்கும் மருந்து உண்டு. மூன்றாவது உயிருக்கே ஆபத்தானது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது.

வறுமைதான் எல்லா மனநோய்க்கும் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு மூடநம்பிக்கையாகிவிடும். பணக்காரருக்கும் இந்த வியாதி வருகிறது. பிறவி வாகும் உடம்பின் ரசாயனமும் காரணமாகின்றன. ஆனால் இரவு ஷிப்டும் பகல் ஷிப்டும் மாறி மாறித் தூக்கத்தைக் கெடுத்தால், வாரக்கடன்காரர் திண்ணையில் வந்து உட்கார்ந்தால், கைப்பிள்ளையை விட்டுவிட்டு மலையேற வேண்டியிருந்தால், ஆடிப்போன மனம் விரைவில் உடையும். உடைந்த பிறகு, பணக்காரருக்கு டாக்டர் நண்பராக இருக்கிறார். நமக்கு?

கங்கா நம் தெருவில் பிறந்திருந்தால்

இதற்கு நம் வாழ்க்கையிலிருந்தே ஒன்று சொல்கிறோம். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். இந்தப் பள்ளத்தாக்கில்தான் நடந்தது.

நம்மோடு கொடி பிடித்த ஒரு தோழரின் மனைவி. ஏலத்தோட்டத்தில் பழம் எடுக்கப் போய்க்கொண்டிருந்தவர். இரண்டாவது பிள்ளை பிறந்து பத்து நாள் ஆகவில்லை, தூக்கம் போய்விட்டது. இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். தொட்டிலில் கிடப்பது தன் பிள்ளையே இல்லை, மாற்றி வைத்துவிட்டார்கள் என்றார். பிள்ளைக்குப் பால் கொடுக்க மறுத்தார். ‘பச்சை உடம்புக்காரியைப் பேய் பிடித்துக்கொண்டது’ என்று ஊர் சொல்லிற்று. கோடாங்கி வந்தார். உடுக்கை அடித்தார், வேப்பிலை அடித்தார், முடியைப் பிடித்து உலுக்கிக் கேள்வி கேட்டார். மூன்று வெள்ளிக்கிழமை இப்படிப் போனது. கந்துக்கு வாங்கிய பணமும் போனது. கடைசியில் மாட்டுக் கயிற்றால் கட்டிலோடு கட்டிப்போட்டார்கள்.

நாம் என்ன செய்தோம்? அதே வருஷம் ஆலையில் ஒரு தோழருக்குக் கை நசுங்கியபோது வீடு வீடாக வசூல் செய்தோம். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இந்த அம்மாளின் வீட்டு வாசலைத் தாண்டும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போனோம். ‘குடும்ப விஷயம், நாம் எப்படிக் கேட்பது?’ என்று நமக்கு நாமே சமாதானம் சொன்னோம். நம்மில் ஒருவர் கோடாங்கிச் செலவுக்குக் கைமாற்றும் கொடுத்தார்! இதை மறைக்காமல் சொல்கிறோம். சுயவிமர்சனம் என்பது தீர்மானத்தில் எழுதுவதற்கு மட்டுமல்ல.

அவரைக் காப்பாற்றியது நாமல்ல. பிள்ளைக்குத் தடுப்பூசி போட வந்த கிராம நர்ஸ், கட்டிலையும் கயிற்றையும் பார்த்தார். ‘பிள்ளை பெற்றவர்களில் சிலருக்கு இப்படி வரும், இது பேயல்ல, காலம் கடத்தினால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து’ என்றார். தானே ஆட்டோவைக் கூப்பிட்டார். சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு மாதத்தில் அந்தம்மாள் தன் பிள்ளையைத் தன் பிள்ளை என்று மடியில் வாங்கினார். மாத்திரை ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. இப்போது பழையபடி ஜீப் ஏறுகிறார். ஆனால் மணிக்கட்டில் கயிற்றுத் தழும்பு இருக்கிறது. அந்தத் தழும்பு நம் எல்லோருடைய கணக்கிலும் எழுதப்பட வேண்டியது.

ஏர்வாடியின் நெருப்பு

கயிறு சங்கிலியானால் என்ன நடக்கும் என்பதற்கு ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி சாட்சி. 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி, விடியற்காலை. மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த நாற்பதுக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. கட்டிய இடத்திலேயே எரிந்தார்கள். மாண்டவர்கள் 28 பேர்.

படத்தில் எரிந்தது பொம்மை. ஏர்வாடியில் எரிந்தவர்கள் மனிதர்கள். யாரோ பெற்ற பிள்ளைகள். பெற்றவர்கள் கொடியவர்களா? இல்லை. பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாதவர்கள், மருந்து இருக்கிறதென்று யாரும் சொல்லாதவர்கள், கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்பவர்கள். பகல் முழுவதும் நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், இருந்த நகையை விற்று மாதப்பணம் கட்டி அங்கே விட்டுவந்தார்கள். அவர்களுடைய நம்பிக்கையையும் கையாலாகாத நிலையையும் வைத்துச் சிலர் வியாபாரம் செய்தார்கள். அதைக் கண்டும் காணாமல் அரசாங்கம் இருந்தது. தீ பற்றியது அன்று விடியற்காலையில். விறகு அடுக்கப்பட்டது பல வருஷங்களாக.

அதன் பிறகே நாடு விழித்தது. உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. ஏர்வாடியில் இருந்த அந்த மாதிரிக் காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னர் தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மருத்துவர்கள் மருந்து கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. பிரார்த்தனையும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும் என்கிற ஏற்பாடு. நாம் இதை வரவேற்கிறோம். கோயிலுக்குப் போகிறவரையும் தர்காவுக்குப் போகிறவரையும் கேலி செய்து யாரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர முடியாது. ‘சாமியைக் கும்பிடுங்கள், திருநீறு பூசுங்கள், மாத்திரையையும் கொடுங்கள், அடிக்காதீர்கள், கட்டாதீர்கள்’ என்று சொன்னால் எந்தத் தாயும் கேட்பாள்.

சங்கிலியைக் கழற்றிய தோல் தொழிலாளி

சங்கிலியைப் பற்றிப் பேசும்போது ஒரு தொழிலாளியின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. பிரெஞ்சுப் புரட்சி நடந்த காலம். பாரிஸ் நகரத்தில் பிஸேத்ர் என்றோர் ஆஸ்பத்திரி. மனநோயாளிகளை இரும்புச் சங்கிலியில் பிணைத்து வைத்திருந்தார்கள். அந்தச் சங்கிலியைக் கழற்றியவர் பிலிப் பினேல் என்ற டாக்டர் என்று பெரும் ஓவியங்கள் தீட்டினார்கள், புத்தகங்களில் எழுதினார்கள். பினேல் பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனால் பிஸேத்ரில் 1797-ல் சங்கிலியைக் கழற்றியவர் அந்த வார்டைக் கவனித்துவந்த புஸான் என்பவர். அவர் டாக்டரல்ல. தோல் பதனிடும் தொழிலாளி! நம் திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் வேலை செய்கிறார்களே, அந்தத் தொழில். கண்டமாலை நோயோடு அதே ஆஸ்பத்திரிக்கு வந்து, குணமாகி, அங்கேயே வேலைக்கு அமர்ந்தவர். நோயாளியை அடிக்கக் கூடாது என்று காவலர்களுக்குக் கண்டிப்பான உத்தரவு போட்டவர். அவரிடம் கற்றுக்கொண்டதைப் பினேல் தாமே ஒப்புக்கொண்டு எழுதினார்.

நம் நாட்டிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. பஞ்சாபில் அமிர்தசரஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாசாகர் 1950-களில் கூடாரம் அடித்து, நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்க வைத்து வைத்தியம் செய்தார். சென்னையில் டாக்டர் சாரதா மேனன். கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்கு 1961 முதல் 1978 வரை தலைமை வகித்தவர். பிற்பாடு 1984-ல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 2021-ல் மறையும் வரை அந்த வேலையிலேயே இருந்தார். ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று சினிமாக்காரர்கள் எத்தனை படத்தில் சிரிப்புக் காட்டியிருக்கிறார்கள்! அந்தக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பெண்மணி பதினேழு வருஷம் செய்த வேலையை எத்தனை படத்தில் காட்டினார்கள்?

மருந்தும் பழைய கதையல்ல. 1952-ல் குளோர்புரோமசின் என்ற மருந்து வந்த பிறகே, குரல் கேட்கும் வியாதிக்கு மாத்திரை என்று ஒன்று உண்டாயிற்று. நோயாளிகள் ஆஸ்பத்திரியை விட்டு வீடு திரும்பத் தொடங்கினார்கள். நம் தாத்தாமார் காலத்தில் கோடாங்கியை விட்டால் வழியில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

சட்டம் இருக்கிறது, கேட்க ஆள் வேண்டும்

பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16-ல் தேசம் முழுவதும் கணக்கெடுத்தது. வயது வந்தவர்களில் ஏறத்தாழ 100-க்கு 10 பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. வியாதியின் வகைக்கேற்ப அவர்களில் 100-க்கு 70 முதல் 92 பேர் வரை வைத்தியம் இல்லாமலே இருந்தார்கள். வயிற்றுவலிக்காரர்களில் இத்தனை பேர் வைத்தியமின்றிக் கிடந்தால் நாடு கொந்தளிக்காதா?

2017-ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறி, 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. அது சொல்வதைக் கேளுங்கள். மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது. அரசாங்கம் நடத்தும் அல்லது பணம் கொடுக்கும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, கையில் அந்த அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சர்க்கார் மனநல ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். வாழ்க்கை வெறுத்து உயிரை விட முயன்றவர் கடும் மனவேதனையில் அப்படிச் செய்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே போலீசுக்குப் பயந்து யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.

நம் மாவட்டத்தில் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் என்றும் ஒன்று இருக்கிறது; அதன் டாக்டர் எந்த நாளில் எந்தத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று கேட்டறிந்து, நம் தெருமுனைப் பலகையில் எழுதிவைப்போம். இரவு பகல் எந்நேரமும் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவைக்குக் காசில்லை, தமிழிலேயே பேசலாம்.

ஆனால் தோழர்களே, சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதுமா? கூடலூரிலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, துணைக்கு வருபவரின் கூலியையும் விட்டுவிட்டு, பஸ் செலவு செய்து க.விலக்கு போய்க் காத்துநின்று திரும்ப வேண்டும். இரண்டு மாதம் போவார்கள், மூன்றாவது மாதம் நின்றுவிடும். மாத்திரை நின்றால் வியாதி திரும்பும். ஆகவே நம் கோரிக்கைகள் இவை: மனநோய்க்கான மாத்திரை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தீராமல் கிடைக்க வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் வருகிற நாளைக் கூட்ட வேண்டும். ஆலையிலும் தோட்டத்திலும் வைத்தியத்துக்குப் போகிற நாளுக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும். இந்த வியாதி வந்ததென்று யாரையும் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது. கூலி உயர்வு மனுவில் இவையும் சேர வேண்டும். சேர்க்க மறந்தால் எங்களை நீங்கள் கேளுங்கள்.

பேய் திரும்பி வந்த கதை

முடிக்குமுன் சினிமாவுக்கே திரும்புவோம். 2023-ல் ‘சந்திரமுகி 2’ வெளிவந்தது. அதே டைரக்டர். முதல் படத்தில் சந்திரமுகி ஒரு பெண்ணின் மனத்தில் இருந்த வியாதி. இரண்டாம் படத்தில் சந்திரமுகி நிஜமான பேய்! இந்தியில் 2007-ல் வந்த ‘பூல் புலையா’வும் மனநோய்க் கதைதான், 2022-ல் வந்த அதன் இரண்டாம் படத்திலும் பேய் நிஜமாகிவிட்டது. ஒரு தலைமுறைக்குள் டாக்டர் வெளியேறினார், பேய் உள்ளே வந்தது! அறிவு ஒருமுறை வந்துவிட்டால் தானாகவே நிலைத்து நிற்கும் என்று நினைப்பது தவறு. விற்பனையாகிற சரக்கு எதுவோ அதையே முதலாளி கடையில் வைப்பான். பேய் விற்றால் பேய். அறிவைக் காத்து நிற்கிற வேலை நம்முடையது.

எனவே நாளையிலிருந்து நாம் செய்ய வேண்டியது இது. உங்கள் தெருவில் கதவு சாத்திய ஓர் அறை இருக்கிறதா என்று பாருங்கள். வேட்டையபுரத்து அறையைப் போல அதையும் பார்த்துப் பயப்படுகிறார்கள். உள்ளே இருப்பவர் ஓர் அக்காளோ, ஒரு தம்பியோ, நம்மோடு களையெடுத்தவரோ, பக்கத்து மிஷினில் நூல் பிடித்தவரோ. அந்தக் கதவைத் தட்டுங்கள். வீட்டாரைக் குற்றம் சொல்லாமல், ‘சாப்பிட்டாரா, தூங்கினாரா?’ என்று கேளுங்கள். க.விலக்குக்குப் போகிற நாளில் ஒருவர் துணைக்குப் போங்கள். இன்னொருவர் அன்றைக்கு அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கை நசுங்கியவருக்கு வசூல் செய்கிற அதே டப்பாவை இந்த வீட்டுக்காகவும் குலுக்குங்கள்.

கட்டிலில் கட்டிய கயிற்றை அன்று ஒரு கிராம நர்ஸ் அவிழ்த்தார். பாரிசில் ஒரு தோல் தொழிலாளி சங்கிலியைக் கழற்றினார். அதற்கு அவர்களுக்கு மந்திரமும் வேண்டியிருக்கவில்லை, அரண்மனையும் வேண்டியிருக்கவில்லை. நம்மாலும் முடியும். முதல் கதவை இந்த வாரமே தட்டுவோம் என்று இங்கே முடிவு செய்துகொண்டு எழுந்திருப்போம்.